கிழக்கைத் திருப்பிய சங்கம்

“அடைக்க மாட்டேன்னா அடைக்க மாட்டேன். போய் ஒங்க சங்கத்துல அப்படியே எழுதிக்கங்க!”

“எக்கா, நானா சொல்றேன்? சாஸ்திரம் சொல்லுது.”

“எந்தச் சாஸ்திரம்? போன வருசம் வரைக்கும் குமுளிக்கு ஜீப்பு ஓட்டுனீகளே, அந்தச் சாஸ்திரமா?”

செலினின் குரல் தெருமுனைப் பால் சொசைட்டி வரை போயிற்று. அங்கே நின்றவர்கள் தூக்குவாளியோடு அப்படியே தெருவுக்குள் வந்துவிட்டார்கள். பாலை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

வாசற்படியில் நின்றவர் சுருளிராஜன், பசுஞ்சோலை நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். கையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு சீனத் திசைகாட்டி. சுற்றிச் சுற்றிச் சீன எழுத்து, நடுவில் ஒரு முள். தொட்டிலுக்குப் போகிற பிள்ளையைப் போல அதை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

செலினுக்குப் பின்னால் ஒற்றைக்கால் செருப்போடு நின்றார் அவர் கணவர் அந்தோணிமுத்து. வேலைக்குக் கிளம்பியவர், சண்டை முடிந்தால் மற்றக் காலுக்கும் போட்டுக்கொள்ளலாம் என்று காத்திருந்தார். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்குக் கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாமல் கம்பி இழுத்தால் ஆடி மாதம் பந்தல் பக்கத்துத் தோட்டத்தில் கிடக்கும். இருபத்தெட்டு வருடத்தில் அவர் போட்ட பந்தல் ஒன்றுகூட அப்படிக் கிடந்ததில்லை.

“செயலாளரே, ஒரு சந்தேகம்” என்றார் மெதுவாக. “எங்க வீடு மேக்க பாத்து நிக்குதுங்கிறீக.”

“ஆமாண்ணே. முள்ளு அப்படித்தான் காட்டுது.”

“இப்ப ஒங்க முதுகுல சுள்ளுன்னு அடிக்குதே, அது என்ன?”

சுருளிராஜன் திரும்பிப் பார்த்தார். எதிர் வரிசை மொட்டைமாடிகளுக்கு மேலே ஏறி, காலை ஏழரை மணிச் சூரியன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அது வானத்துக் கிழக்குண்ணே. நாங்க சொல்றது ஆற்றல் கிழக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாதுன்னு தலைவரே சொல்லிருக்காக.”

நோட்டீஸை நீட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, பின்சுவரை உடைத்து அங்கே வாசல் வைக்க வேண்டும். தவறினால் சங்கத்தின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் நிறுத்தப்படும். கீழே கையெழுத்து, கையெழுத்துக்குக் கீழே சிரிக்கும் புத்தர் முத்திரை.

செலினின் விரல் ‘வெள்ளிக்கிழமை’ என்ற எழுத்திலேயே நின்றது. காரணம் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் மார்க்கையன்கோட்டையிலிருந்து சகாய பிரவீன் வீட்டார் வருகிறார்கள். பையனுக்கு மகள் ஜெசியைப் பிடித்தாயிற்று, ஜெசிக்குப் பையனைப் பிடித்தாயிற்று. பாக்கி, பையனின் அம்மா இவாஞ்சலின் வந்து வீடு வாசலைப் பார்த்துவிட்டு, மாதா கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க நாள் சொல்ல வேண்டியது மட்டுமே. அந்த அம்மாள் ஏற்கெனவே இரண்டு சம்பந்தத்தை வீட்டைப் பார்த்தே வேண்டாமென்றவர். ஒரு வீட்டில் அடுப்படி இருட்டு. இன்னொரு வீட்டில் ஒன்றும் குறையில்லை, ‘அந்தச் சுத்தமே எனக்குச் சரியாப் படலை’ என்று எழுந்து வந்துவிட்டாராம்.

அப்படிப்பட்டவர் வருகிற நாளில் முன்வாசலில் செங்கல், குழாயில் காற்று.

இந்தக் கூத்து தொடங்கி ஏழு மாதம்தான் ஆகிறது. பசுஞ்சோலை நகர் என்பது வடக்கு தெற்காக ஓடும் ஒரே தெரு. மேற்கு வரிசை வீடுகளெல்லாம் கிழக்குப் பார்த்தவை, முதுகுக்குப் பின்னால் வயலும் மலையும். கிழக்கு வரிசை வீடுகள் மேற்குப் பார்த்தவை, அவற்றின் கொல்லைக்கு அப்பால் வாய்க்கால். சங்கத் தலைவர் பொன்னுராஜ், ரிஜிஸ்தர் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், மனை வாங்க ஒரு மாதம் பிந்திவிட்டார். கிடைத்தது கிழக்கு வரிசை. அதிலும் எதிரே வீடு கிடையாது. பூங்காவுக்கென்று விட்டு முள் மண்டிய காலி இடம். மலையிலிருந்து இறங்குகிற ஆடிக் காற்றுக்கு முதல் தடுப்பே தலைவருடைய கூடம்தான்.

பதினோரு ஆடியாக அவர் மனைவி மகாலட்சுமி ஒரு நாளைக்கு ஐந்து தடவை வீடு கூட்டினார். சோற்றில் மண், தலையணையில் மண், தலைவரின் கண்ணாடிக் கூட்டில்கூட மண். “ஊருக்கெல்லாம் பத்திரம் பதிஞ்சு குடுத்த மனுசன், நமக்குன்னு வாங்கும்போது திசையைப் பாக்கலையே” என்று விளக்குமாற்றோடு அவர் சொல்வது தெருவுக்கே மனப்பாடம். கொல்லைப்பக்கம் கிழக்கே ஒரு வாசல் வையுங்கள் என்றும் கேட்டுப் பார்த்தார். வைத்தால் மேற்குப் பார்த்த வீட்டை வாங்கியது தப்பு என்று ஆகிவிடுமே. தலைவர் வைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ‘மூன்றே நாளில் ஃபெங் சுயி’ வகுப்பு நடந்தது. நடத்தியவர் கேரளத்துக் கட்டப்பனையிலிருந்து வந்த ஒரு மாஸ்டர். வகுப்பு முடிவில் ஆளுக்கொரு சான்றிதழும், மூன்றுகால் தவளையும், பெட்டியோடு ஒரு திசைகாட்டியும் கொடுத்தார். பெட்டிக்குள் உபயோகிக்கும் முறை ஒரு தாளில் இருந்தது, முழுக்க மலையாளத்தில்.

“ஒனக்கு மலையாளம் தெரியும்ல?” என்று தலைவர் கேட்டார்.

“நல்லாத் தெரியும் சார்” என்றார் சுருளிராஜன். பொய்யில்லை. வண்டன்மேட்டில் மலையாளத்திலேயே பேரம் பேசி ஏலக்காய் மூட்டை ஏற்றியவர். படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. தாள் பெட்டியிலேயே தங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து தலைவர் தம் வாசலில் திசைகாட்டியை வைத்தார். முள்ளின் அம்புமுனை ஒரு பக்கம் நின்றது. அம்புமுனை வடக்கு, இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். அப்படி வைத்துப் பார்த்தால் அவர் வீடு கிழக்குப் பார்த்து நின்றது. தலைவர் மூன்று தடவை வைத்துப் பார்த்தார். மூன்று தடவையும் கிழக்கு. பதினோரு வருட அவமானம் ஒரு முள்ளில் தீர்ந்தது. வீட்டைத் திருப்ப வழியில்லாமல் கிடந்தவருக்குத் திசையே திரும்பிக் கொடுத்துவிட்டது.

மறுவாரமே பொதுக்குழு. வாஸ்து என்றால் இந்துக்களுக்கு மட்டும், இதுவோ சீனம், எல்லா மதத்துக்கும் பொது என்று விளக்கி, தீர்மானம் எண் பதினான்கு நிறைவேறியது: “இன்று முதல் நகரின் ஆற்றல் கிழக்கு என்பது மலைப் பக்கமே.”

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேகமாக வந்தது. கழிவறை மூடி திறந்திருந்தால் செல்வம் வெளியேறும் என்று மூடிக் கண்காணிப்புக் குழு அமைந்தது. குழுவினர் காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவரிடமே “மூடி மூடியிருக்கா?” என்று விசாரித்தார்கள். அந்தோணிமுத்து வீட்டுத் திரு இருதயப் படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு பல்பை ‘கட்டுப்பாடற்ற அக்னி மூலகம்’ என்று எழுதிக்கொண்டு போய், அதைச் சமன்படுத்த மீன்தொட்டி வைக்கச் சொன்னார்கள். செலின் ஒரு குண்டான் தண்ணீரில் அயிரை மீனைப் போட்டு வைத்தார். மூன்றாம் நாள் அது குழம்பாயிற்று. கேட்டதற்கு, “மூலகம் வயித்துக்குள்ள சமன் ஆயிருச்சு” என்றார்.

பிறகு எண்கோணக் கண்ணாடி. கெட்ட ஆற்றலைத் திருப்பி அனுப்ப ஒரு வீட்டில் மாட்டினார்கள். அது எதிர்வீட்டுக்குத்தானே போகும்? எதிர்வீட்டார் அதைவிடப் பெரிய கண்ணாடியாக மாட்டினார்கள். பத்தே நாளில் தெரு முழுவதும் கண்ணாடி. காலையில் ஒரு வரிசை மினுங்கும், மாலையில் மறு வரிசை. டவுன் பஸ் டிரைவர் கண் கூசி, இனி தெருவுக்குள் வரமாட்டேன் என்று மெயின் ரோட்டிலேயே நிறுத்திக்கொண்டார். சங்கம் அதையும் விடவில்லை. ‘வாகன இரைச்சல் ஒழிந்தது’ என்று சாதனைப் பட்டியலில் சேர்த்தது.

கடைசியில் வாசல்கள். மேற்கு வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக முன்பக்கம் அடைபட்டு, வயலைப் பார்த்துத் திறந்தன. தபால்காரர் வரப்பில் நடந்து தபால் கொடுத்தார். பாக்கி ஒரே ஒரு வீடு.

புதன்கிழமை அந்தோணிமுத்து சங்கக் கூட்டத்துக்குப் போனார். சட்டையை இஸ்திரி போட்டு, சொல்ல வேண்டியதை மனத்துக்குள் இரண்டு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார்.

“தலைவரே, நான் பந்தல் போடுறவன். மேக்க இருந்துதான் காத்து வரும். அங்கன வாசல் வச்சா ஆடில வீட்டுக்குள்ள குடியிருக்க முடியாது. ஞாயித்துக்கெழமை பொண்ணுக்குப் பேசி முடிக்க வாராக. ஒரு வாரம் தள்ளி வைங்க.”

பொன்னுராஜ் எழுந்தார். மைக் வைத்திருந்தார்கள். கூட்டத்தில் பதினேழு பேர் இருந்தார்கள்.

“உறுப்பினர்களே! அந்தோணிமுத்து காத்துங்கிறாரு. ஃபெங்னாலே காத்துதான்! வருது வருதுன்னு பயந்தா எப்படி? வரத்தான வாசல் வைக்கிறோம்? சூரியன் எங்கிட்டு உதிக்குதுன்னு கேக்குறாரு. நான் கேக்குறேன், சூரியன் நம்ம சங்கத்துல உறுப்பினரா? எந்தக் கூட்டத்துக்காவது வந்து கையெழுத்துப் போட்டிருக்கா?”

கைதட்டினார்கள். தட்டாதவர்களைச் சுருளிராஜன் குறித்துக்கொண்டார்.

“பதினோரு வருசமா என் வீட்டை என்னன்னு சொன்னீக? காத்தடி வீடுன்னீக! இன்னைக்குக் கிழக்கு வந்துருச்சு. இதுல எனக்கு என்ன சுயநலம்? என் வீட்டுல ஒத்தச் செங்கல்லை மாத்தியிருக்கேனா? இல்ல! மாத்துனது பூரா ஒங்க வீட்டுலதான். இதவிட ஒரு தலைவன் எப்படி நேர்மையா இருக்க முடியும்?”

இதற்கும் கைதட்டினார்கள். அந்தோணிமுத்துவும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, ஏன் தட்டினோம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

வியாழக்கிழமையே வால்வைத் திருகிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை செலின் எதிர்வீட்டில் குடம் ஏந்தப் போனார். எதிர்வீட்டுக்காரி சங்கத்துக்குப் பயந்து வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டாள். வெறுங்குடத்தோடு திரும்பி வந்த மனைவியைப் பார்த்ததும் அந்தோணிமுத்து கொத்தனாருக்குப் போன் போட்டார்.

“வந்த சனத்துக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கணும்ல, செலினு. வாசலை அப்புறம் பாத்துக்கிருவோம்.”

செலின் பதில் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தது அந்தத் தெரு பார்த்த முதல் அதிசயம். சாயங்காலம் முன்வாசல் செங்கலால் மூடிற்று. பின்பக்கம் நிலை நின்றது. அதற்குக் கதவு போடக் கூடாதாம். புது ஆற்றல் பழகும் வரை இருபத்தொரு நாள் வாசல் திறந்தே கிடக்க வேண்டும், இது தீர்மானம் எண் பத்தொன்பது. குழாயில் தண்ணீர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, ஆடி பிறந்து மூன்றாம் நாள், பதினோரு மணிக்கு இவாஞ்சலின் வந்து இறங்கினார். கூடவே சகாய பிரவீனும் மாமன் ஒருவரும். தெருவில் நின்று செங்கல் சுவரைப் பார்த்தார்கள். ஜெசி சந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, “இங்கிட்டு வாங்கத்த” என்றாள். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செப்டிக் டேங்க் மூடியைத் தாண்டி, துவைகல்லைச் சுற்றி, வயற்பக்கமாக வந்து வீட்டுக்குள் நுழைந்தார் அந்த அம்மாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செலின் ஏற்கெனவே துடைத்த நாற்காலியை மறுபடி துடைத்தார்.

உள்ளே ஏற்கெனவே தலைவரும் செயலாளரும் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வீடும் இணங்கிவிட்டதால் ‘ஆற்றல் நுழைவு விழா’வை அன்றைக்கே அங்கேயே வைத்துவிட்டது சங்கம். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ், சிரிக்கும் புத்தர், வாயில் காசு கவ்விய மூன்றுகால் தவளை எல்லாம் டீப்பாயில் இருந்தன. திசைகாட்டிப் பெட்டி டிவி ஸ்டாண்டில். விருந்தாளிகளைக் கோணம் பார்த்து ஆளுக்கொரு சுவரைப் பார்க்க உட்கார வைத்தார் சுருளிராஜன். இவாஞ்சலினுக்குக் கிடைத்தது பிரிட்ஜ்.

“இந்த இனிய வேளையில்…” என்று தலைவர் தொடங்கினார்.

அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியது காற்று.

முதலில் வயல் புழுதி. பின்னால் காய்ந்த கொடித் திராட்சை இலை, வைக்கோல் தும்பு. நிலை அகலத்துக்கு அப்படியே உள்ளே வந்தது. வந்த காற்றுக்குப் போக வழியில்லை. எதிரே செங்கல். முட்டித் திரும்பி வீட்டுக்குள்ளேயே சுற்றியது. மிக்சர் தட்டு காலியாகி மாமனின் தலையில் மிக்சர் இருந்தது. விழாவுக்கென்று சங்கம் கட்டித் தொங்கவிட்ட மணிக்கொத்துகள் ஊர்த்தேர் போலக் குலுங்கின. பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து ஒரு கட்டம் போட்ட லுங்கி பறந்து வந்து, சிரிக்கும் புத்தரைத் தலையோடு போர்த்திக்கொண்டது.

“…ஆற்றல்… நுழைவதைக்… காண்கிறோம்…” தலைவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். வாய் நிறைய மண். பதினோரு வருடப் பழக்கம் கைகொடுத்தது.

திசைகாட்டிப் பெட்டியின் மூடி திறந்துகொண்டது. உள்ளே ஏழு மாதமாகக் கிடந்த தாள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, இவாஞ்சலினின் முகத்தில் போய் ஒட்டியது. பிய்த்து எடுத்துப் பார்த்தார். குமுளிப் பக்கம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்தவர். மலையாளம் கண்ணில் பட்டால் படிக்காமல் இருக்க முடியாது.

“இதாரு கொண்டாந்த பெட்டி?”

“சங்கத்துதும்மா” என்றார் தலைவர், ஒரு கண்ணை மட்டும் திறந்து.

“இதைப் படிச்சீகளா? ‘இந்தக் கருவியில் அம்புமுனை தெற்கைக் காட்டும், வடக்கு என்று எடுக்கக் கூடாது’ன்னு மொத வரியிலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கே. சீனாக்காரன் முள்ளு தெக்கதான் காட்டுமாம்.”

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தவளையைப் பார்த்தார்.

“ரெண்டாவது வரி கேளுங்க. ‘மலை முதுகிலும் தண்ணீர் முகத்திலும் அமைந்த வீடு உத்தமம். அப்படி அமைந்தால் எதையும் தொட வேண்டாம்.’” தாளை மடித்தார். திரும்பி, சுவரோரம் சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த செலினைப் பார்த்தார். பிறகு அந்தோணிமுத்துவை. “பந்தல்காரரே, பந்தல் சாயாம இருக்க இழுவைக் கம்பி எந்தப் பக்கம் அடிப்பீக?”

“மேக்கதாம்மா. காத்து அங்கிட்டிருந்துல வருது.”

“தெரியும்ல? பெறகு வாசலை ஏன் அங்கிட்டு வச்சீக?”

“சங்கத்துல சொன்னாக.”

“நாளைக்கு என் மகனைக் கட்டுன பொறகு, பொண்ணைத் திருப்பிக் கூட்டிட்டு வாங்கன்னு சங்கத்துல சொன்னா?”

ஜெசி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகாய பிரவீன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அந்தோணிமுத்து மெல்ல எழுந்து, பந்தல் சாமான் கிடந்த மூலைக்குப் போனார். கடப்பாரையோடு வந்தார்.

“அந்தோணிமுத்து! இது தீர்மானத்துக்கு விரோதம்!” என்றார் தலைவர்.

“தள்ளி நில்லுங்க தலைவரே. கால்ல விழுந்துரும்.”

வெள்ளிக்கிழமை கட்டிய சுவர், பூச்சுக்கூட இல்லை. மூன்றாவது குத்தில் நடுவே பொக்கென்று விட்டது. நாலாவது குத்தைக் காற்றே பார்த்துக்கொண்டது. செங்கல் தெருவில் சரிய, வீட்டுக்குள் அடைபட்டிருந்த அத்தனை காற்றும் ஒரே மூச்சில் வெளியே பாய்ந்தது. சான்றிதழ் போயிற்று. மணிக்கொத்து போயிற்று. டீப்பாய் சரிந்து தவளை உருண்டு வாசற்படி தாண்டிப் போயிற்று. புத்தர் மட்டும் லுங்கியைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார். வீடு ஒரு நிமிடத்தில் அமைதியாயிற்று.

அந்தோணிமுத்து பின்பக்க நிலைக்கு ஒரு பழைய தகரத்தை வைத்துக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். அந்தக் கட்டு இன்றைக்கும் அசையவில்லை.

இவாஞ்சலின் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, தலைமுடியிலிருந்து ஒரு வைக்கோலை எடுத்தார். “தண்ணி குடு தாயி” என்றார் ஜெசியிடம். குடித்துவிட்டு, “தை மாசம் ரெண்டாவது வாரம் ஓலை வாசிக்கச் சொல்லிருவோமா, மதினி?” என்று செலினைக் கேட்டார். மதினி என்ற அந்த ஒரு வார்த்தைக்குச் செலின் அழுத அழுகை, பால் சொசைட்டியைத் தாண்டிக் கேட்டது.

சங்கம் லேசில் விட்டுவிடுமா? மறுநாளே அவசரக் கூட்டம். தீர்மானம் எண் இருபது: “மேற்படி தாள் மலையாளத்தில் இருப்பதால் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. அதை மொழிபெயர்க்க மூவர் குழு அமைக்கப்படுகிறது.” குழுத் தலைவர் சுருளிராஜன். ஆனால் கூட்டம் முடிவதற்குள் செலினும் மேற்கு வரிசைப் பெண்களும் தொட்டியடிக்குப் போய், இனி யாரும் தண்ணீரை நிறுத்த முடியாதபடி வால்வின் கைப்பிடியைக் கழற்றி எடுத்து வந்துவிட்டார்கள். ஆடி முடிவதற்குள் முன்வாசல்களெல்லாம் பழையபடி திறந்தன. டவுன் பஸ்ஸும் தெருவுக்குள் வந்தது.

ஜெசி தை மாதக் கடைசியில் கல்யாணமாகி மார்க்கையன்கோட்டைக்குப் போனாள். மாமியார் வீட்டில் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்பதில் தினமும் ஒரு சண்டையாம், திசை பார்த்து இல்லை, சும்மாதான். சுருளிராஜன் வண்டன்மேட்டுக்கே குடிபோய் மறுபடி ஜீப் ஓட்டுகிறார். இந்த முறை எழுத்தும் படிக்கிறார் என்று கேள்வி.

பொன்னுராஜ் கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்கிறார். ஒன்பதாவது மாடி. வாசலைத் திறந்தால் எதிரே லிஃப்ட். திசைகாட்டியை வைத்தால், சுற்றிலும் இரும்பு, முள் நிற்காமல் சுற்றுகிறதாம்.

மகாலட்சுமி கூடப் போகவில்லை. “நீங்க முன்னால போங்க, ஆடி கழிச்சு வாறேன்” என்று பஸ் ஏற்றிவிட்டார். மறுநாள் காலையில் அந்தோணிமுத்துவுக்கு ஆள் அனுப்பினார், கடப்பாரையோடு வரச்சொல்லி.

“வாசலை எந்தப் பக்கம் வைக்கணும்மா?” என்று கேட்டார் அந்தோணிமுத்து, வீட்டைச் சுற்றி வந்து.

மகாலட்சுமி விளக்குமாற்றைக் கொல்லைச் சுவரில் சாய்த்தார். சுவருக்கு அப்பால் வாய்க்கால், அதற்கும் அப்பால் அப்போதுதான் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

“அந்தா வருது பாருங்க, அதுக்கு நேரா.”

அதற்குப் பிறகு இரண்டு ஆடி கழிந்துவிட்டது. அவர் இன்னும் கோயம்புத்தூருக்குக் கிளம்பவில்லை.